மேற்குச் சுவருக்குப் போர்டு அடித்த நாள்

"தூக்கு" என்றான் கிருபா. தூக்கினேன். அவன் ஒரு முனை, நான் ஒரு முனை, நடுவில் எட்டடிக்கு நாலடி சிமெண்ட் போர்டு. ஒற்றை ஆள் தூக்குகிற சாமான் இல்லை இது, வீம்புக்குத் தூக்கினாலும் நடுவில் வளைந்து முறிந்துவிடும், அதனால் இந்த வேலைக்கு எப்போதும் ஜோடி வேண்டும், அவனும் நானும் அப்படித்தான் ஜோடியானோம், அவன் தங்கை பிரமிளாவை நான் கட்டுவதற்கு முன்னாலேயே. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். காலையில் டீ குடிக்கும்போதே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், அவன் டம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மலையில் என்ன இருக்கிறது, மஞ்சூர் மலை நேற்று இருந்த மாதிரிதான் இன்றைக்கும் இருக்கிறது, என் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவனுக்கு ஒரு மலை தேவைப்பட்டது, அவ்வளவுதான். சானுவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் மச்சான். ஒரே ஒரு வரி. என் மகளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு எதற்கு இத்தனை ஒத்திகை. பிரமிளா போனதிலிருந்து சஹானா அவன் வீட்டில்தான் வளர்கிறாள், அவன் பெண்டாட்டி கோகிலாதான் பார்த்துக்கொள்கிறாள், எல்லாம் சரி, அதற்காக? "கொஞ்சம் எறக்கு" என்றான். இறக்கினேன். தளத்திலிருந்து இரண்டு விரல்கடை விட்டுத்தான் போர்டு ஆரம்பிக்க வேண்டும், தரையில் விழுந்து தெறிக்கிற மழை போர்டின் விளிம்பில் ஏறக்கூடாது. செங்கல் வைத்தால் இந்தச் சரிவு தாங்காது என்று இரும்புச் சட்டத்தில் எழுப்பிய வீடு. இப்போதைக்குச் சுவர் என்று ஒன்றும் இல்லை, வரிசையாகச் சட்டங்கள் மட்டும் நிற்கின்றன, உள்ளே நிற்கிறவனுக்கும் வெளியே நிற்கிறவனுக்கும் ஒரே காற்று. மற்ற மூன்று பக்கமும் அப்புறம் அடித்துக்கொள்ளலாம், மேற்குதான் ஆனி மழை முகத்தில் அறைகிற பக்கம், அதை முதலில் மூடிவிட வேண்டும். நடுச்சட்டத்தில் முதல் ஸ்க்ரூவை இறக்கினேன். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும், ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் போர்டு உப்பிக்கொண்டு நிற்கும். மெஷின் சத்தத்தில் ஒரு வசதி, அது ஓடுகிற வரைக்கும் யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை நினைத்தால்தான் இப்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. கையில் கேக் பொட்டலம், ஊட்டியில் பஸ் மாறும்போது வாங்கியது, பச்சையும் சிவப்புமாகச் சீனிப்பழம் வைத்த கேக், நசுங்காமல் இருக்க மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். கிருபா கேலி செய்தான், என்னா மச்சான், பொண்ணு பாக்கவா போறோம் என்று. தோட்டத்து லயன் வீட்டுச் சரிவிலிருந்து மூன்று பிள்ளைகளும் ஓடி வந்தார்கள், கிருபாவின் பையன்கள் இரண்டு பேர், நடுவில் சானு, இரட்டைச் சடை குதிக்க. நான் அப்படியே ரோட்டில் குந்திக் கையை விரித்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். ஒதுங்கிப் போகவில்லை, கோபித்துக்கொண்டு போகவில்லை, வழியில் ஒரு கல் இருந்தால் எப்படிச் சுற்றிக்கொண்டு போவாளோ அப்படிப் போனாள். போய் கிருபாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா" என்றாள். பையன்கள் கூப்பிடுகிற மாதிரியே, அதே இழுப்பு, அதே ராகம். அப்புறம் திரும்பி, குந்தின வாக்கில் கையை விரித்துக்கொண்டு கிடந்த என்னைப் பார்த்து, கோகிலா சொல்லிக்கொடுத்திருப்பாள் போல, வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லச் சொல்லி, "வாங்க மாமா" என்றாள். வாங்க. என் மகள் என்னை வாங்க என்கிறாள். பெரியவன் பிரவீஷ்தான் சிரித்துவிட்டான், "ஏய் லூசு, அது ஒங்கப்பா" என்றான். "இல்ல, அது யோகு மாமா" என்றாள் சானு, அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்கிற மாதிரி. வாசலில் நின்ற கோகிலா இறங்கி வந்து பிரவீஷ் முதுகில் ஒன்று வைத்தாள். உண்மையைச் சொன்ன பயலுக்கு அடி. கிருபா குனிந்து தன் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தான். கேக்கைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கோகிலாவிடம் ஓடினாள், "அம்மா, மாமா கேக் வாங்கிட்டு வந்தாங்க" என்று கத்திக்கொண்டே. நான் கைலியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன், வேறு என்ன செய்வது.

அவளைச் சொல்லி என்ன. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, உட்கார்ந்து யோசித்தால். கிருபா அவளுக்குத் தாய்மாமன், அவனைத்தான் மாமா என்று கூப்பிட வேண்டும். நான் அவன் பிள்ளைகளுக்கு அத்தை புருஷன், அவர்களுக்கு நான் மாமா. அந்த வீட்டில் எல்லாரும் அவனை அப்பா என்கிறார்கள், என்னை மாமா என்கிறார்கள், அவள் மட்டும் தலைகீழாகக் கூப்பிட வேண்டும் என்றால் அவளுக்கு எப்படித் தெரியும், யார் சொல்லியிருக்கிறோம். வாரா வாரம் போயிருந்தாலாவது. கிருபா போகிற வாரமெல்லாம் நானும் போயிருக்கலாம், சைட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு இங்கேயே தங்கிவிடுவேன். வீட்டுக்குப் போனால் பிரமிளா இல்லை. சைட்டில் பிரமிளா இருந்ததே இல்லை, அதனால் இங்கே அவள் இல்லாதது தெரியாது. இதைக் கிருபாவிடம் சொன்னால் அவனுக்கும் புரியும், அவனுக்குத் தங்கை, எனக்குப் பெண்டாட்டி, இழவு ஒன்றுதான். அடுத்த போர்டைத் தூக்கி வைத்தோம். ஸ்க்ரூ, ஸ்க்ரூ, ஸ்க்ரூ. நாலாவது இறங்கின பிறகுதான் பார்த்தேன், இரண்டு போர்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. ஒரு நூல், அரைக்கால் அங்குலம், இடம் விட வேண்டும். இரும்பு அறுக்கிற தடித்த ஆக்சா பிளேடைச் செருகி, போர்டைத் தள்ளி, பிளேடை உருவி எடுத்தால் சரியாக ஒரு நூல் வரும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், பிளேடு என் பாக்கெட்டிலேயே இருக்கிறது, மறந்துவிட்டேன். ஈரம் குடித்தால் போர்டு பெருக்கும், பெருக்க இடம் இல்லாமல் ஒன்றையொன்று நெருக்கி, ஒரே மழைக்காலத்தில் சுவர் வயிறு தள்ளிவிடும். இதற்கெல்லாம் கிருபா சும்மா விடுகிறவன் இல்லை. அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல், ஒரு நூலுக்கு ஒன்பது கெட்ட வார்த்தை சொல்லுவான், கண்ண எங்கடா அடகு வச்சிட்டு வந்தே என்பான். இன்றைக்கு வந்தான், பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. மெஷினைத் திருப்பி ஓட்டி நாலு ஸ்க்ரூவையும் அவனே கழற்றினான். என் பாக்கெட்டிலிருந்து பிளேடை அவனே எடுத்தான். "இப்பத் தள்ளு" என்றான், அவ்வளவு மெதுவாக. திட்டுடா. திட்டித் தொலையேன். செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி எதற்கு என்னிடம் இவ்வளவு பதவிசாக நடந்துகொள்கிறாய். நீ திட்டினால் நானும் திட்டுவேன், திட்டுகிற வாக்கில் அந்த ஒரு வரியும் வெளியே வந்து விழுந்துவிடும், நீ மலையைப் பார்த்தால் நான் எங்கே போய் ஆரம்பிப்பது.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். கேட்டு வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டில் கத்தி இரவல் கேட்கிற மாதிரி, "கோகிலா, புள்ளைய கொஞ்சம் கூட்டிட்டுப் போறேன்." கோகிலா அவசர அவசரமாக அவள் முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டு அனுப்பினாள். பாவம் கோகிலா, அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வருத்தப்பட ஏதாவது கிடைத்தால் தேவலை என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நாலு கதவு தள்ளி வீடு. சானு உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், சாய்ந்து உட்காரவில்லை, பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்துவிட்ட மாதிரி உட்கார்ந்தாள். முட்டை பொரித்துத் தரவா என்றேன். வேண்டாம் மாமா என்றாள். டிவி போடவா. ம். டிவியைப் போட்டேன், அவள் டிவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். மாலை போட்ட பிரமிளா படம். இதோ ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன், ரத்தம் சும்மா இருக்குமா என்று நினைத்தேன், இப்போது கேட்பாள், நான் சொல்லுவேன், இவள்தான் உன் அம்மா, உன்னைப் பெற்றவள், உனக்கு சஹானா என்று பெயர் வைத்தவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே வைத்தாள், நான் வேறு பெயர் சொன்னதற்கு என் கையைக் கிள்ளினாள். சானு எழுந்து படத்துக்கு முன்னால் போனாள். கையைக் கூப்பினாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "அத்தை சாமி, எல்லாரையும் காப்பாத்து" என்றாள். கிருபா வீட்டிலும் இதே படம் ஒன்று இருக்கிறது. பையன்கள் பள்ளிக்கூடம் போகும்போது அப்படித்தான் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், அவர்களுக்கு அவள் அத்தை. நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர்ச் சத்தம் இருந்தால் பிள்ளைக்குக் கேட்காது. ஒரு வாளி நிரம்பி வழிந்து இன்னொரு வாளியும் நிரம்பியது.

"டீ குடிக்கிறியா மச்சான்?" என்றான் கிருபா. வேண்டாம் என்றேன். கீழ் வரிசை முடிந்தது. சாரத்தில் ஏறினோம். மேல் வரிசை போர்டைக் கீழ் வரிசைக்கு நேராக வைக்கக்கூடாது, பாதி தள்ளி வைக்க வேண்டும், செங்கல் கட்டுகிற மாதிரி, இணைப்பெல்லாம் ஒரே கோட்டில் வந்தால் அந்தக் கோட்டில் சுவர் பிளக்கும். பிறகு இதற்கு மேல் தண்ணீர் புகாத வெள்ளை ஷீட்டைச் சுற்ற வேண்டும், மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் விழுகிற மாதிரி. மழைக்கு எத்தனை யோசனை செய்கிறோம். நான் பெரிய வீரன் மாதிரி மனசுக்குள் எல்லாம் முடிவு பண்ணி வைத்திருக்கிறேன். இந்த சைட் வேலையை விட்டுவிடுவேன். எங்கள் ஊர் டீ ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போட ஆள் கேட்கிறார்கள், சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன், சம்பளம் குறைச்சல், இருந்துவிட்டுப் போகிறது, வேலை முடிகிற மணி அடித்தால் வீடு, சானு என்னோடு இருப்பாள். சடை பின்னத் தெரியாது, பழகிக்கொள்ளலாம், போர்டுக்கு ஒரு நூல் விடத் தெரிந்தவனுக்கு மூன்று கால் சடை பெரிய வித்தையா. பகலில் பால்வாடியில் விடலாம். காய்ச்சல் வந்தால்? பிரமிளாவுக்கும் காய்ச்சல்தான். வெறும் காய்ச்சல் என்றுதான் இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், பிறகு என்னைப் பார்த்து யார் நீங்க என்றாள், மூளைக்காய்ச்சல் என்று கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம், போகிற வழியெல்லாம் கிருபா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாப்பா பாப்பா என்று, அவனுக்கு அவள் எப்போதும் பாப்பாதான். யார் நீங்க. அம்மாவும் மகளும் சொல்லி வைத்த மாதிரி. மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது, ஸ்க்ரூ பிடிக்கவில்லை, பின்னால் சட்டம் இல்லாத இடத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், போர்டில் வெறும் ஓட்டை. கிருபா அதையும் பார்த்தான். சிமெண்ட் பேஸ்ட் வைத்து விரலால் அடைத்தான்.

அடுத்த போர்டு. ஏற்றினோம். கீழே பிளேடு செருகி, பக்கத்தில் பிளேடு செருகி, கிருபா இரண்டு கையையும் விரித்து, கன்னத்தையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். பள்ளத்திலிருந்து காற்று ஏறி வருகிறது, காற்றில் போர்டு பாய் மாதிரி பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும், நான் நாலு ஸ்க்ரூ போடுகிற வரைக்கும் அவன் விரலைக்கூட எடுக்க முடியாது. அவன் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. இதுதான் சமயம் என்று பட்டது, முகம் தெரியாவிட்டால் பேசிவிடலாம்.

"மச்சான்."

"ம்."

"சானுவ எங்கூடவே வச்சுக்கலாம்னு இருக்கேன். ஃபேக்டரியில வேலை கேட்டிருக்கேன். அடுத்த மாசம் வரச் சொல்றாங்க."

சொல்லிவிட்டேன். அவன் முதுகு ஏறி இறங்கியது.

"கூட்டிட்டுப் போ" என்றான். "ஒன் புள்ளதானே மச்சான். வேணாங்கறதுக்கு நான் யாரு."

நான் பையிலிருந்து ஸ்க்ரூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். போடவில்லை.

"கோகிலாகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். அவ கொஞ்சம் அழுவா. அழுதுட்டுச் சரியாயிருவா." பிறகு போர்டிடம் சொல்லுகிற மாதிரி சொன்னான், "மொத தடவ என்னய அப்பான்னு கூப்புட்டப்ப நான் திருத்தினேன் மச்சான். ஒன் மேல சத்தியமா திருத்தினேன். மாமான்னு சொல்லுடான்னேன். அப்ப எனக்கு மட்டும் அப்பா இல்லியான்னு கேட்டா. அதுக்கப்புறம் எனக்கு வாயி வரல."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சண்டை இல்லை, பஞ்சாயத்து இல்லை, கூட்டிட்டுப் போ என்று சொல்லிவிட்டான், ஒரு நல்ல மனுஷனிடம் ஜெயிப்பது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும். அடுத்த மாசம் போய்க் கூட்டிக்கொள்ளலாம். கோகிலா துணியெல்லாம் மடித்துப் பையில் வைத்துக் கொடுப்பாள். சானு என் கட்டில் ஓரத்தில் உட்காருவாள். அப்புறம்? கோகிலா நாலு கதவு தள்ளித்தான் என்றாலும், சாயங்காலம் ஆனதும் எழுந்து போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்குத் தெரியும், ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பிரமிளாவை எடுத்துக்கொண்டு போன பிறகு அப்படித்தான் நின்றாள், அப்போது நடக்கப் பழகிக் கொஞ்ச நாள்தான், நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டில் எந்தப் பொம்பளை போனாலும் அம்மா அம்மா என்பாள், திரும்பிப் பார்க்கிறவள் அம்மா இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடுவாள், மறுபடி எழுந்து நிற்பாள். தூக்கினால் உதைப்பாள். கோகிலாதான் ஒரு நாள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், உதைக்க உதைக்க நடந்தாள், லயனைச் சுற்றிச் சுற்றி நடந்து, இருட்டுகிற நேரத்தில் அவள் தோளிலேயே தூங்கிப் போனாள் பிள்ளை. அதற்கப்புறம்தான் நிலைக்குப் போவது நின்றது. அவளுக்கு அது ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது. மறுபடியும் ஒரு அம்மாவை அவளிடமிருந்து எடுக்கப் போகிறவன் நான், இந்தத் தடவை காய்ச்சல் மேல் பழி போட முடியாது. ஆனால் அவள் என் பிள்ளை. என் பிள்ளைதானே. அவள் காது என் காது, எல்லாரும் சொல்லுவார்கள். காதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவு வேண்டும், வேண்டும் என்பதைத் தவிர என் பக்கம் வேறு நியாயமே இல்லை.

கிருபாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. "கோகிலாவா இருக்கும். எடு மச்சான், கைய எடுக்க முடியாது" என்றான். எடுத்து ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"அப்பா!" கோகிலா இல்லை. "அப்பா, நான் விழுந்துட்டேன். முட்டியில ரத்தம் வந்துச்சு. அம்மா ஊதி விட்டாங்க. இப்ப வலிக்கல. கொஞ்சம்தான் வலிக்குது. அப்பா, கேக்குதா?"

கிருபா போர்டிலிருந்து கன்னத்தை எடுத்து என் பக்கம் திரும்பினான். காலையிலிருந்து இப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறான், கண் இரண்டும் சிவந்து கிடந்தது. "நீ பேசு" என்றான் அடிக்குரலில். "யாருன்னு சொல்லு மச்சான். நீதான் சொல்லணும்."

"அப்பா? யாரு அது? அப்பாவா?"

போனை வாயருகே கொண்டுபோனேன். அப்பா, மனசுக்குள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்த வார்த்தை, நாக்கு நுனியில்தான் இருந்தது. மற்றக் கையிலிருந்த ஸ்க்ரூ உள்ளங்கையில் குத்தியது.

"யோகு மாமாடா தங்கம்" என்றேன். "ரொம்ப வலிக்குதா?"

"இல்ல மாமா. அப்பா எங்க?"

"இங்கதான்டா இருக்காரு ஒங்கப்பா. ரெண்டு கையாலயும் போர்டப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. இந்தா குடுக்கிறேன்."

சாரத்தில் ஒரு எட்டு நகர்ந்து போய், போனைக் கிருபாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் வேண்டாம் என்று தலையைத் தலையை ஆட்டினான், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதான், கண்ணைத் துடைக்கக் கை இல்லை, போர்டையும் விடவில்லை.

"பேசு மச்சான்" என்றேன். "புள்ள காத்துக்கிட்டு இருக்கா."